கவர்னர் மாளிகைக்கு வாய்க்கால் வழியாக

வெள்ளி, பொள்ளாச்சி

இன்று ஜனவரி 30. காலை பதினோரு மணிக்கு அரசு அலுவலகங்களில் காந்திக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்பார்கள். 1910இல் இதே தேதியில் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் உள்ள செங்குட்டைபாளையத்தில் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். எங்கள் பக்கத்தில் சி.எஸ். என்றால் போதும். காந்தியின் நினைவு நாளும் இவருடைய பிறந்த நாளும் ஒன்றாகிவிட்டதால் இவர் எப்போதும் ஓரமாகவே நிற்கிறார். அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. காந்தி சொன்னார் என்று சிறைக்குப் போன தலைமுறை அது.

மாநில நிதியமைச்சர், மத்திய உணவு அமைச்சர், மத்திய நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், கடைசியாக மகாராஷ்டிர கவர்னர். 1998இல் பாரத ரத்னா. பதவிப் பட்டியலைப் படித்தால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். அதனால் பிறந்த ஊரில் தொடங்கி, மும்பை மலபார் மலையில் இருக்கும் கவர்னர் மாளிகை வரைக்கும் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன். நடுவில் அவர் கைபட்ட இடங்கள் எவை எவையோ அங்கெல்லாம் ஒரு நிறுத்தம். அவர் பதவிகளுக்கு எப்படி வந்தார் என்பதைவிட, பதவிகளை எப்படி விட்டார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

செங்குட்டைபாளையத்துக்கு டவுன் பஸ். வழியெல்லாம் தென்னை. நடுநடுவே நார் மில்லுகள், மில்லுக்கு வெளியே மலை மாதிரி குவிந்த நார்த்தூள். ஊர் சின்னது. திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில மிச்சம். ஒரு டீக்கடையில் நின்று, "சி.எஸ். ஊரு இதுதானுங்களா?" என்றேன். கடைக்காரம்மா, "ஆமாங்க. சாமிக்கும் இதே ஊருதானுங்க" என்றார்.

சாமி என்று அவர் சொன்னது சுவாமி சித்பவானந்தரை. சி.எஸ்ஸுக்கு மாமா முறை. அவர் பிறந்ததும் இதே செங்குட்டைபாளையம்தான், 1898இல். ஒரே ஊர், ஒரே உறவு. ஒருவர் காவி கட்டிக்கொண்டு காவிரிக்கரையில் பள்ளிக்கூடம் வைத்தார். இன்னொருவர் கதர் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார். சி.எஸ்ஸின் இளமையில் இந்த மாமாவின் தாக்கம் பெரியது என்று படித்திருக்கிறேன். திருப்பராய்த்துறை வழியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போவேன்.

மாலையில் பொள்ளாச்சி நகரத்துக்குள் கொஞ்சம் நடந்தேன். தைப்பூசம் நெருங்குகிறது. பழனிக்கு நடக்கிற பச்சை வேட்டிக் கூட்டம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு கடந்தது. இந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு நினைவு வந்தது 1965 பிப்ரவரி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டையே கொதிக்க வைத்திருந்த நேரம். சி.எஸ். அப்போது பொள்ளாச்சியின் எம்.பி., டெல்லியில் உணவு அமைச்சர். பிப்ரவரி 11 அன்று அவரும் ஓ.வி.அழகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அந்த ராஜினாமாக்களை ஏற்கவில்லை. அன்று இரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். மறுநாள், பிப்ரவரி 12, இதே பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு. ராணுவம் வந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றைக்கும் ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

தன் தொகுதி மக்களுக்காக மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டவருக்கு, அடுத்த நாளே தொகுதியிலிருந்து இப்படி ஒரு செய்தி. அவர் அதை எப்படித் தாங்கினார் என்று யோசித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.


சனி, ஆழியார் – திருமூர்த்தி மலை

நான் உடுமலைக்காரன். பி.ஏ.பி. வாய்க்காலில் நீச்சல் பழகியவன். அதனால் இன்றைய பதிவு கொஞ்சம் நீளும்.

பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் என்பதை இங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பி.ஏ.பி. தான். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு என்று எட்டு ஆறுகள். இவற்றில் பெரும்பாலானவை மேற்கே பாய்ந்து கேரளம் வழியாகக் கடலுக்குப் போகிறவை. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பி, மழை மறைவில் காய்ந்து கிடந்த பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். காமராஜர் முதல்வர். சி.எஸ். நிதியும் கல்வியும் பார்த்த மந்திரி. இதற்காகக் கத்தியவர்கள் பலர். வி.கே.பழனிசாமிக் கவுண்டர் பெயரை இந்தப் பக்கம் மறக்க மாட்டார்கள். ஆனால் கஜானா சாவி வைத்திருந்தவர் இந்த மண்ணில் பிறந்தவராக இருந்தது திட்டத்துக்குப் பெரிய பலம். கேரளத்துடன் ஒப்பந்தம் முறையாகக் கையெழுத்தானது 1970இல்தான், 1958 முதல் செல்லும்படி. வேலை அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நடந்துவிட்டது. இன்றைக்கு இப்படி ஒரு காரியத்தைக் கற்பனை செய்ய முடியுமா?

ஆழியார் அணை 120 அடி. பூங்காவில் சனிக்கிழமைக் கூட்டம். வறுத்த மீன், மாங்காய்க் கீற்று, வால்பாறை போகும் வண்டிகள். அணை மேட்டில் ஏறி நின்றால் பின்னால் மலை, முன்னால் கண்ணுக்கு எட்டும் வரை தென்னந்தலைகள். ஆழியார் நகரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த அளவுக்கு இது தென்னை நாடு ஆகிவிட்டது. வாய்க்கால் வந்தபோது கணக்குப் போட்டது நிலக்கடலைக்கும் பருத்திக்கும் சோளத்துக்கும். தென்னை பிறகு வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

சர்க்கார்பதி மின்நிலையம் புலிகள் காப்பகத்துக்குள். நினைத்தபோது போக முடியாது. பரம்பிக்குளம் தண்ணீர் சுரங்கம் வழியாக அங்கே இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, காண்டூர் கால்வாயில் விழுகிறது. காண்டூர் கால்வாய் என்பது மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வளைந்து போகும் கால்வாய். முடிகிற இடம் திருமூர்த்தி அணை.

மதியம் திருமூர்த்தி. அமணலிங்கேஸ்வரர் கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அணைக்கரைக்கு வந்தேன். இங்கிருந்துதான் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர அவ்வளவு தண்ணீர் இல்லை. அதனால் உன் மண்டலம் வரும்வரை நீ காத்திருக்க வேண்டும். கல்யாணத் தேதி, கடன் தவணை எல்லாம் இங்கே மண்டலக் கணக்கில்தான் நடக்கும்.

கிளை வாய்க்கால் ஓரமாக ஒரு மடையில் பெரியவர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். மடைப் பலகையின் இடுக்கில் பாலித்தீன் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார், ஒழுகாமல் இருக்க. தண்ணீர் செம்மண் நிறத்தில் இல்லை. மலைத் தண்ணீர், தெளிவாக, அடியில் கிடந்த கூழாங்கல் தெரியும்படி ஓடியது.

"நம்ம முறைங்களா ஐயா?"

"ராத்திரி எட்டு மணி வரைக்குமுங்க. அதுக்கப்புறம் கீழ் மடைக்காரருக்கு. அவரு ஏழரைக்கே வந்து உக்காந்துக்குவாரு, டார்ச் லைட்டோட."

"சி.எஸ்.ஸைப் பார்த்திருக்கீங்களா?"

"எங்கய்யன் பாத்திருக்காருங்க. ஓட்டுக் கேட்டு வந்தப்ப. வெள்ளையா, ஒசரமா இருப்பாராமா. எங்கய்யன் சொல்லுவாரு, அந்தாளு சிரிக்கவே மாட்டாருன்னு." பெரியவர் மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டி வரப்பில் வைத்தார். "தண்ணி வந்துச்சுங்க. அது போதாதுங்களா?"

அப்புறம் தானாகவே பேச்சு தென்னைக்கு வந்தது. வேர் வாடல் நோய். இருபது வருஷ மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார். வாய்க்கால் நடுவில் மோட்டார் வைத்துத் திருடுகிறவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.


ஞாயிறு, கோபிசெட்டிபாளையம்

வாய்க்கால் ஊரிலிருந்து இன்னொரு வாய்க்கால் ஊருக்கு. கோபியில் தென்னையை விட நெல்லும் வாழையும் மஞ்சளும் கண்ணில் படுகின்றன. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், அப்புறம் பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானி. கொடிவேரியில் குளிக்கிற கூட்டத்தை எட்ட நின்று பார்த்ததோடு சரி.

கோபிக்கும் சி.எஸ்ஸுக்கும் இரண்டு தொடர்பு. ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு. படிக்கிற காலத்தில் பெரியசாமித் தூரன், ஓ.வி.அழகேசன் போன்ற நண்பர்களோடு வனமலர்ச் சங்கம் என்று ஒன்று வைத்து, 'பித்தன்' என்ற பத்திரிகையைக் கோபியிலிருந்து நடத்தினார்கள். பிற்காலத்தில் தூரன் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் ஆனார். சி.எஸ்ஸும் அழகேசனும் ஒரே நாளில் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். பித்தன் என்று பெயர் வைத்தவர்கள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கசப்பு 1967. அந்தத் தேர்தலில் சி.எஸ். கோபி தொகுதியில் நின்று தோற்றார். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொல்லிக்கொண்டிருந்தபோது எதிரே நின்றவர் நாட்டின் உணவு மந்திரி. வேறு என்ன நடக்கும்?

ஆனால் அவர் உணவு அமைச்சராக இருந்த மூன்று வருஷத்தில் செய்ததைப் பார்க்க வேண்டும். 1964இல் சாஸ்திரி அழைத்தபோது அந்த இலாகாவை விரும்பி எடுக்க யாரும் இல்லை. பஞ்சம் வந்தால் பழி, வராவிட்டால் பெயர் இல்லை. சி.எஸ். எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்தது, பெரும்பங்கு அமெரிக்கக் கோதுமை. ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் இழுத்துப் பிடித்து அனுப்பினார். அந்த நேரத்தில் மெக்ஸிகோவிலிருந்து குட்டை ரகக் கோதுமை விதையைத் தருவிப்பது என்று சி.எஸ். முடிவு செய்தார். 1965இல் 250 டன். 1966இல் 18,000 டன். லெர்மா ரோஹோ, சொனோரா 64 என்று பெயர்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் சொன்னதை அவர் நம்பினார். வேளாண் துறைச் செயலாளர் பி.சிவராமன் காரியத்தை நடத்தினார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் பி.பி.பால் என்ற விஞ்ஞானியை உட்கார வைத்தார். அதுவரை அந்த நாற்காலிக்கு விஞ்ஞானி வந்ததில்லை.

எதிர்ப்பு எல்லாப் பக்கத்திலிருந்தும். இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார் என்றார்கள். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி உரத்துக்கு அந்நியச் செலாவணி எங்கே என்று கேட்டார். அதுவும் நம்ம ஊர்க்காரர்தான். சி.எஸ். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது, அதே கோதுமையை விதைத்துக் காட்டினார். பங்களா புல்தரையில் ஏர் ஓட்டுவதெல்லாம் நாடகம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது கொங்குக் குசும்பு என்றே படுகிறது. நம்பாதவனிடம் நாலு வார்த்தை பேசுவதற்குப் பதில் விளைய வைத்துக் காட்டுவது.

விளைந்தது. 1964-65இல் 123 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967-68இல் 165 லட்சம் டன் ஆயிற்று. 1968இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலையே வந்தது. அறுவடை வந்தபோது அவர் மந்திரியும் இல்லை, எம்.பி.யும் இல்லை. கோபி அவரை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோபியைக் குறை சொல்ல மாட்டேன். ரேஷன் கடையில் நிற்கிற பெண்ணிடம் பஞ்சாபில் கோதுமை விளையப் போகிறது என்று சொல்லி ஓட்டு வாங்க முடியாது.

பசுமைப் புரட்சி என்று பெயர் பெற்ற இதற்கு மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. உரம், பூச்சிமருந்து, பஞ்சாபின் நிலத்தடி நீர், காணாமல் போன கம்பும் வரகும். அது உண்மை. ஆனால் 1966இல் கப்பல் வருமா என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கு என்ன வேறு வழி இருந்தது என்பதையும் அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராத்திரி இட்லிக் கடையில், பையில் வைத்திருந்த ஐந்து ரூபாய் நாணயத்தைக் கல்லாவில் இருந்த பையனிடம் காட்டினேன். சி.எஸ். நூற்றாண்டுக்கு வெளியிட்ட பித்தளை நிற நாணயம். அவர் முகம், கண்ணாடி, 2010. "யாருங்கண்ணா, பாரதியாரா?" என்றான். தலைப்பாகை இல்லாத பாரதியார்! பெயர் மேலே இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எல்லா நாணயமும் அப்படித்தான், வழக்கம். ஆனாலும் 1965இல் எதற்காக ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாரோ, அந்த ஆளின் நாணயத்தில் அவர் பெயரைத் தமிழில் படிக்க முடியவில்லை.


திங்கள், திருப்பராய்த்துறை – தஞ்சாவூர்

கரூர் தாண்டி திருச்சி ரோட்டில் காவிரியை ஒட்டித் திருப்பராய்த்துறை. 1942இல் சித்பவானந்தர் தொடங்கிய ராமகிருஷ்ண தபோவனம். வாசலில் செருப்பைக் கழற்றினால் ஒரு பையன் வந்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போகிறான். விடுதி மாணவன் போல. இங்கிலாந்து போவதற்கு எல்லாம் தயார் செய்துவிட்டு, சென்னையில் விவேகானந்தர் புத்தகம் ஒன்றைப் படித்து, பயணத்தை விட்டவர் இந்தச் சாமி. விடுகிற வழக்கம் குடும்பத்திலேயே இருந்திருக்கிறது.

தஞ்சாவூருக்கு வந்த காரணம் பெரிய கோவில் இல்லை. இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில்தான் தொடங்கியது. பொங்கல் நேரம், நெற்களஞ்சியம், தமிழ் மந்திரி. சரியாகத்தான் நாள் பார்த்திருக்கிறார்கள். அதே மாதம் விவசாய விலைக் குழுவும் வந்தது. அதன் வேலை, விளைபொருளுக்கு அரசு தரும் குறைந்தபட்ச ஆதார விலையைப் பரிந்துரைப்பது. விதையைக் கொடுத்தால் மட்டும் விவசாயி போட மாட்டான், விளைந்தால் விலை போகும் என்று தெரிந்தால்தான் போடுவான் என்பது சி.எஸ்ஸின் கணக்கு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைப் பொருளாதார நிபுணர் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் இந்திப் போராட்டம் வெடித்துவிட்டது. ஒரே மாதத்தில் ஒரு மனிதர் தலையில் எத்தனை!

ஊருக்கு வெளியே நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் சம்பா அறுவடைக் கூட்டம். இங்கே நெல்லை வாங்குவது மாநில நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆதார விலை என்ற ஏற்பாட்டின் கடைக்கோடி இதுதான். ஒரு ஊழியர் குவியலின் நடுவே கையை விட்டு நெல்லை அள்ளி, ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போட்டார். திரையில் 18.4. பதினேழுக்குள் இருக்க வேண்டும். விவசாயி ஒன்றும் பேசவில்லை. காலால் நெல்லைப் பரப்பி விட்டுவிட்டு வேப்பமரத்து நிழலுக்குப் போனார். அவர் மனைவிதான் பேசினார்: "நேத்து பதினேழரை. ராத்திரி பனி பெஞ்சு ஏறிடுச்சு. இன்னைக்குக் காயலன்னா இன்னொரு ராத்திரி காவலு." பக்கத்தில் நாற்பது கிலோ சிப்பங்கள் தார்ப்பாய் போர்த்தி அடுக்கியிருந்தன, லாரிக்காக.

மழை வந்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. டெல்டாவில் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

இரவு உழவன் எக்ஸ்பிரஸ். இந்தப் பயணத்துக்கு ரயில் பெயர்கூடப் பொருத்தமாக அமைந்துவிட்டது.


செவ்வாய், சென்னை

ரயிலில் தூக்கம் வரவில்லை. இதுவரை நல்லதாகவே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று உறுத்தியது. 1975 முதல் 77 வரை, நெருக்கடி நிலைக் காலம் முழுவதும், சி.எஸ். இந்திராவின் நிதியமைச்சர். பேச்சுரிமை போனது, தலைவர்கள் சிறையில். மொழிக்காக ராஜினாமா எழுதிய கை அப்போது எழுதவில்லை. அதன் பிறகு இந்திராவை விட்டு விலகினார், 1979இல் சரண்சிங் ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். ஆனால் விலக வேண்டிய நேரம் அது இல்லையே. இதற்குச் சமாதானம் சொல்லிப் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

கிண்டியில் இறங்கி ஐ.ஐ.டி. வாசல். உள்ளே மான்கள் சாலையைக் கடக்கின்றன. மேற்கு ஜெர்மனி உதவியோடு ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வருகிறது என்றதும், கல்வி மந்திரியாக இருந்த சி.எஸ். ராஜ்பவனை ஒட்டிய காட்டு நிலத்தைக் காட்டி அதைச் சென்னைக்கு வரவைத்தார். ஏறக்குறைய 630 ஏக்கர். 1959இல் தொடக்கம். கவர்னர்கள் வேட்டையாடி, உலாத்தித் திரிந்த காடு பையன்கள் சைக்கிள் ஓட்டும் இடமாக ஆனது. அவரும் ஒருநாள் கவர்னர் ஆகப் போகிறார் என்று அப்போது யார் கண்டார்கள்!

மதிய உணவுத் திட்டம் வந்ததும் இவர் கல்வி மந்திரியாக இருந்தபோதுதான். காமராஜரின் கனவு, கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் நிர்வாகம், சி.எஸ்ஸின் கஜானா. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954இல் ராஜாஜி விலகியபோது, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.எஸ். காமராஜருக்கு 93, இவருக்கு 41. ஜெயித்தவர் தோற்றவரைக் கூப்பிட்டு நிதியும் கல்வியும் கொடுத்தார். தோற்றவர் முகம் கோணாமல் எட்டு வருஷம் வேலை பார்த்தார். இன்றைய அரசியலில் எதிர்த்து நின்றவனுக்கு என்ன கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.


வெள்ளி, மும்பை

மலபார் மலை முனையில் கவர்னர் மாளிகை. மூன்று பக்கமும் கடல். முன்கூட்டியே இணையத்தில் பதிந்தால் காலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். பழைய மரங்கள், மயில்கள், கவர்னர் வசிக்கும் ஜல் பூஷண், 2016இல் கண்டுபிடித்த நிலத்தடிப் பதுங்கு அறைகள். கூட வந்தவர்கள் எல்லாம் பதுங்கு அறையைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்கள். நான் கடற்பக்கம் இருந்த கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்துகொண்டேன். வெள்ளைக்காரன் இடம் தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஊர்ச் சத்தமே கேட்காது.

கொங்குப் பக்கத்தவர்கள் மூன்று பேர் இந்த மாளிகையில் இருந்திருக்கிறார்கள். 1962இல் குமாரமங்கலம் ப.சுப்பராயன், பதவியேற்ற சில மாதங்களில் காலமானார். 1990இல் சி.எஸ். அண்மையில் திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணன், இங்கிருந்தே குடியரசுத் துணைத் தலைவராகப் போனவர்.

சி.எஸ். 1990 பிப்ரவரியில் எண்பது வயதில் இங்கே வந்தார். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது, பம்பாயில் கலவரம். 1993 ஜனவரியில் கலவரம் மறுபடி மூண்டது. அந்த நேரத்தில், பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறை சொல்லி இவர் சாதாரணப் பேச்சில் சொன்னது பத்திரிகையில் வந்துவிட்டது. சி.எஸ். பதவி விலகினார். ஒரு கவர்னர் பிரதமரைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. நாற்காலி முக்கியம் என்று நினைத்திருந்தால் ஒரு மறுப்பு அறிக்கையோடு முடித்திருக்கலாம்.

மதியம் மாட்டுங்காவில் சாப்பாடு. எதிரே உட்கார்ந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம், இங்கே வந்து ஐம்பது வருஷம். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சாம்பாரை நிறுத்தினார்.

"நீங்க அதைப் பெருமையாச் சொல்றேள். நான் அப்ப தாராவி பக்கம் குடியிருந்தேன். பதினஞ்சு நாள் பால் கிடையாது. பசங்களை ஜன்னல் பக்கம் நிக்க விட மாட்டோம். ஊரே எரியறப்போ கவர்னர் விலகிப் போறது என்ன கணக்கு சார்?"

"கவர்னர் கையில போலீஸ் இல்லையே?"

"இல்லைதான். ஆனா ஆள் இருக்கணும். டெல்லியைத் திட்டணும்னா திட்டிட்டு, விலக மாட்டேன், வேணும்னா நீயே அனுப்புன்னு உக்காந்திருக்கணும்."

என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு சொன்னேன், அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை, மறுபடி விவசாயத்துக்கே போனார், தொண்ணூறு வயதில், சாகிற அதே வருஷத்தில், 2000இல், கிராமங்களில் வேலை செய்ய தேசிய வேளாண் அறக்கட்டளையை ஆரம்பித்தார் என்று. இரண்டாம் பசுமைப் புரட்சி என்று பேசிக்கொண்டே இருந்தார் என்றும் சொன்னேன்.

"வயலுக்கு அவர் பெரிய மனுஷன். நான் இல்லைன்னு சொல்லலை. நாங்க சாப்பிட்ட ரேஷன் கோதுமை அவர் புண்ணியம்தான். பம்பாய்க்குச் சொல்றேன், அவர் இன்னும் பத்து நாள் இருந்திருக்கணும்."

மோர் வரும் வரை இதே வாதம். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. எழுந்து கை கழுவி வருவதற்குள் என் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டிருந்தார். "பொள்ளாச்சிக்காரருக்காக வந்திருக்கேள், அதனாலதான். உங்க கட்சியை ஒத்துண்டேன்னு நெனச்சுக்காதீங்கோ" என்றார்.